டர்னர் பிரிவுக்கு ஆள் தேவை

பிப்ரவரி 5, திங்கள்

லேத் மெஷின் விற்பவர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்க வெற்றுத்தாளாகவே போய்விட்டது. ஜூலைக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். அதுவரைக்குமாவது எழுதிப் பார்ப்போம்.

கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டத் திறன் குழுவின் கூட்டம். எங்கள் அரசு ஐ.டி.ஐ.க்கு முதல்வர் நியமிக்கப்படாததால் பொறுப்பு முதல்வராக நான் போயிருந்தேன். எந்தத் தொழிற்பிரிவுக்கு வெளியே வேலை இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்த்து, வேலை இல்லாததை மூடிவிட்டுப் புதியது தொடங்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் நிலையத்தில் லேத்தில் இரும்பு கடையக் கற்றுத்தரும் டர்னர் பிரிவில் போன வருடம் பாதி இடம்கூட நிரம்பவில்லை.

"ஆளே இல்லாத பிரிவை வெச்சுக்கிட்டு என்ன பண்றது மேடம்?" என்றார் கலெக்டர். நல்ல மாதிரி, சின்ன வயது.

மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்று பைபாஸ் பக்கம் புதிதாக வந்திருக்கிறது. அதன் மனிதவள மேலாளர் அபர்ணா என்ற பெண், சென்னைக்காரி, ஒரு திட்டம் வைத்தாள். டர்னர் பட்டறையைக் காலி செய்து கொடுத்தால் அவர்களே இயந்திரம் வாங்கிப் போடுவார்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலையில் ஆறு மாதப் பயிற்சி, பெண்களுக்கு மட்டும். முடித்த எல்லோருக்கும் அவர்களிடமே வேலை.

ஆய்வு செய்து அறிக்கை தருகிறேன் என்று சொல்லி வந்தேன்.

வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. வாஷர் மாற்றினேன்.

பிப்ரவரி 7, புதன்

மாணவர்கள் போன பிறகு டர்னர் பட்டறைக்குள் சும்மா நடந்தேன். கூலன்ட் எண்ணெய் வாசனைக்கு வயதே ஆவதில்லை.

எண்பத்திரண்டில் நான் இங்கே படிக்கச் சேர்ந்தபோது டர்னர் பிரிவில் இரண்டே பெண்கள். நான் ஒருத்தி, பூவாத்தாள் இன்னொருத்தி. பையன்கள் அளவில் தைத்த நீலக் கோட்டுதான் எங்களுக்கும். கை முழங்கால் வரை தொங்கும். தாவணியை உள்ளே செருகி, பின்னலைக் கொண்டை போட்டு, மேலே தொப்பி. முதல் நாள் பூவாத்தாள் என்னைப் பார்த்து, "ஏம்புள்ள, தபால்காரனாட்டமே இருக்கறே" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் வாத்தியார் இரண்டு பேரையும் வெளியே நிறுத்திவிட்டார்.

எங்கள் பேட்ச்சில் தண்டபாணி என்று ஒருவன் இருந்தான். லேத்தில் இரும்பைச் சீவும் டூல் பிட்டைத் தீட்டினால் அவனைப் போல யாராலும் தீட்ட முடியாது. இடது கைக்காரன். சாணைக் கல்லில் பொறி பறக்கும்போது கண்ணைச் சுருக்காமல் லேசாகத் தலையை மட்டும் சாய்ப்பான். மழை நாளில் சைக்கிளை உருட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை எங்களோடு நடந்து வருவான். மற்ற பையன்கள் பெயர் இப்போது நினைவில் இல்லை.

பயிற்சி முடித்துப் பஞ்சாலை, பம்ப் கம்பெனி என்று இருவரும் ஏறி இறங்கினோம். மார்க்கைப் பார்த்துவிட்டு, "லேடீசுக்கு வசதி இல்லைங்களே" என்பார்கள். என்ன வசதி என்று கேட்க வெட்கமாக இருக்கும். கடைசியாக ஒரு கம்பெனிக் காவலாளிதான் சொன்னார், கக்கூஸ் இல்லை என்று. அரசு எங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது. அதைச் செய்யப் போகும் இடத்தில் ஒதுங்க இடமில்லை.

நான் பயிற்றுநர் தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்துவிட்டேன். பூவாத்தாளுக்கும் தண்டபாணிக்கும் கல்யாணம் ஆயிற்று. முகூர்த்தத்துக்குப் போயிருந்தேன். பந்திக்கு இருக்க முடியவில்லை. பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 15, வியாழன்

மோட்டார் கம்பெனிக்குப் போய்வந்தேன். அபர்ணா வாசலுக்கே வந்து அழைத்துப் போனாள். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். பெண்களுக்கு உடை மாற்றும் அறை, தலைவலி வந்தால் படுக்க ஒரு அறை, வரிசையாகக் கழிவறைகள். நான் அந்தக் கழிவறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அபர்ணா, "உள்ளே போகணுமா மேடம்?" என்றாள். இல்லை என்றேன்.

ஒடிசாப் பெண்கள்தான் அதிகம். உள்ளூர்ப் பெண்கள் வேண்டும் என்கிறார்கள்.

"ரெண்டு வருஷப் படிப்பிலேயே இதையும் சேர்த்துடலாமே?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் எங்களால காத்திருக்க முடியாது மேடம். மார்க்கெட் அப்படி ஓடுது."

"அந்த ஓட்டத்துல உங்க மெஷின் மாறிப்போச்சுன்னா இந்தப் பொண்ணுங்க?"

"மறுபடி ட்ரெய்ன் பண்ணிக்கலாம்" என்றாள். நம்பித்தான் சொன்னாள். பொய் சொல்லுகிற பெண்ணாகத் தெரியவில்லை.

அறிக்கையைக் கம்பெனிக்குச் சாதகமாகவே எழுதலாம் என்றிருக்கிறேன். இப்படி ஓர் இடம் அன்று எங்களுக்குக் கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

பிப்ரவரி 28, புதன்

இரண்டாவது கூட்டம். சிறு பட்டறைக்காரர்கள் சங்கத்தின் சார்பில் ஒரு அம்மா வந்திருந்தார். கண்டாங்கிச் சேலை, தடித்த கண்ணாடி. கலெக்டர் பேசச் சொன்னதும் எழுந்தார்.

"எங்க பக்கத்துப் பட்டறைக்காரங்க எல்லாரும் டர்னர் கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டமுங். கம்ப்யூட்டர்ல ஓடற சி.என்.சி. மெஷினுக்குக் கடன் வாங்கிப் போட்டிருக்கறோம், ஓட்டறதுக்கு ஆளில்லீங். இங்க வந்தா டர்னரே வேண்டாம்ங்கறீங்க."

"படிக்கறதுக்கு ஆளே வரலையேம்மா" என்றார் கலெக்டர்.

"வரலீங். எங்ககிட்ட வேலை இருக்குது. இவீங்ககிட்டப் படிப்பு இருக்குது. நடுவுல நின்னு சொல்றதுக்குத்தான் ஆளில்லீங்."

அப்புறம் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ஏம்புள்ள, வசந்தாமணிதானே நீயி?"

கலெக்டர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பூவாத்தாள்! குரலை வைத்தே கண்டுபிடித்திருக்க வேண்டும். அத்தனை பேர் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் பட்டறையை நான் நேரில் பார்த்த பிறகுதான் அறிக்கை என்று கலெக்டரே சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 29, வியாழன்

பூவாத்தாள் போன் செய்தாள். எடுக்கவில்லை. சமையலில் இருந்தேன்.

மார்ச் 1, வெள்ளி

மறுபடி போன். பட்டறை பார்க்க நாள் குறிக்க வேண்டுமே என்று எடுத்துப் பேசினேன். புதன்கிழமை.

மார்ச் 6, புதன்

பூவாத்தாளின் பட்டறை. ஒரு பழைய லேத்தோடு தொடங்கியது, இப்போது பெரிய கொட்டகை. பம்புக்குத் தண்டு கடைந்து கொடுக்கிறார்கள். இரண்டு சி.என்.சி. மெஷின் நிற்கிறது, ஒன்று தார்ப்பாய் மூடியபடி. ஓட்ட ஆள் இல்லாத மெஷின் அதுதான் என்றாள். கணக்கு வழக்கு, ஆர்டர் பிடிப்பது, வங்கி எல்லாம் இவள். "நானும் பத்து வருசம் லேத்துல நின்னவதான், முட்டி போயிருச்சு" என்று காலைத் தட்டிக் காட்டினாள்.

தண்டபாணி உள்ளே வேலையாக இருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. பக்கத்துப் பட்டறை பிரஸ் சத்தத்தில் இரண்டு காதும் மந்தம் என்றாள் பூவாத்தாள். அவர் காதருகே போய் ஏதோ கத்தினாள். கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க மேடம், காப்பி சாப்பிடறீங்களா?" என்றார். மேடம் என்றுதான் சொன்னார். அதுதான் சரியும்கூட. நான் ஆய்வுக்குப் போன அதிகாரி.

காப்பி வந்தது. பூவாத்தாள் மோட்டார் கம்பெனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு மாசத்துல ஒரே ஒரு வேலையைச் சொல்லிக் குடுத்து அனுப்புனா, அந்தக் கம்பெனி நாளைக்குக் கிருஷ்ணகிரிக்கு மூட்டையைக் கட்டிட்டா அந்தப் புள்ளைங்க கதி என்ன? டர்னர்னா எங்க போனாலும் பொழச்சுக்குவா."

"சரி, பொழச்சுக்குவா. உன்ற பட்டறையில எத்தனை பொண்ணுங்க வேலை செய்யறாங்க?"

அவள் காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள்.

"சரி, பொண்ணு ஒருத்தி நாளைக்கே வர்றான்னு வெச்சுக்க. அவ ஒதுங்கறதுக்கு எங்க போவா?"

"எங்கூட்டுக்குப் போய்க்கலாம். ரெண்டு தெரு தள்ளித்தானே."

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு தெரு நடப்பாளா பூவாத்தா? நாம நடந்தமா?"

நான் இவ்வளவு காட்டமாகக் கேட்டிருக்க வேண்டியதில்லை. பூவாத்தாளின் முகம் சுருங்கிவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் ஆண்களுக்கும் ஒரு தகர மறைப்புதான் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் டர்னர் வேண்டும், ஆனால் அந்த டர்னர் ஆணாக இருக்க வேண்டும். ஆண் பிள்ளைகளோ டர்னருக்கு வருவதில்லை. இத்தனை வருடத்தில் மாறாதது இது ஒன்றுதான்.

கிளம்பும்போது தண்டபாணி வாசல் வரை வந்தார். "படி ஒசரம். பாத்து எறங்கு வசந்தா" என்றார்.

படி உண்மையிலேயே உயரம்தான். இன்னொரு கல் வைத்து சிமென்ட் பூசினால் சரியாகிவிடும்.

மார்ச் 7, வியாழன்

விடுப்பு. லேசாகத் தலைவலி. பீரோவை ஒழுங்கு செய்தேன்.

மார்ச் 18, திங்கள்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். குழுக் கூட்டம் ஜூனுக்குத் தள்ளிப் போயிற்று. எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை. ஓய்வு பெறுகிற வருடத்திலும் விடமாட்டார்கள்.

ஏப்ரல் 20, சனி

தேர்தல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து மதியம் வரை தூங்கினேன். வெயிலில் முருங்கை இலை எல்லாம் சுருண்டு கிடக்கிறது. தண்ணீர் விட்டேன்.

மே 12, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் பூவாத்தாள் வந்து நின்றாள். கையில் இளநீர்க் குலை. நான் தொட்டி மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கெப்பாசிட்டர் போயிருக்கும், மாத்து" என்றபடியே பக்கத்தில் உட்கார்ந்தாள். கெப்பாசிட்டர்தான் போயிருந்தது.

பட்டறையில் பெண்களுக்குக் கழிவறையும் உடை மாற்ற அறையும் கட்டத் தொடங்கிவிட்டாளாம். சங்கக் கூட்டத்தில் எழுந்து மற்றவர்களையும் கட்டச் சொன்னாளாம். "அவனவன் மொறைச்சுப் பாத்தான். அப்பறம் நாலு பேரு ஒத்துக்கிட்டாங்க. ஆள் கெடைக்காம மெஷினு சும்மா நிக்குதில்ல, ஒத்துக்காம எங்க போவாங்க?"

சிரித்தேன். பிறகு இருவரும் பழைய பேச்சு பேசினோம். பென்சில் வாங்கிக் கொடுத்து வரைபட வாத்தியாரைச் சமாளித்தது, முதல் சம்பளத்தில் நான் அவளுக்கு வாங்கித் தந்த நைலக்ஸ் சேலை. அந்தச் சேலையில் அவள் மகனுக்குத் தொட்டில் கட்டினாளாம். நான் கேட்டதே இல்லை. மகன் பெங்களூரில் இருக்கிறான்.

"கல்யாணத்துக்கு அப்பறம் நீ ஏன் வரவே இல்ல புள்ள?"

"டிரான்ஸ்பர் ஆயிருச்சே."

"திருப்பூருக்குத்தானே? சிங்கப்பூருக்கா?"

நான் மோட்டார் மூடியின் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தேன். பூவாத்தாள் என்னைப் பார்க்காமல் முருங்கையைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த டிரான்ஸ்பர நீயாவே கேட்டு வாங்கினேன்னு எனக்கு அப்பவே தெரியும். ஆபீஸ்ல விசாரிச்சேன்."

"வேற என்ன விசாரிச்சே?"

"வேற எதுவும் விசாரிக்கல. விசாரிச்சிருந்தா உன்னைய இழந்திருப்பேன். விசாரிக்காமயும் இழந்துட்டேன், அது வேற."

மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஏறியது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். கத்தரிக்காய் புளிக்குழம்பு. இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மே 13, திங்கள்

நல்ல தூக்கம். அறிக்கையை முதலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன்.

ஜூன் 12, புதன்

கூட்டம். மோட்டார் கம்பெனியின் ஆறு மாதப் பயிற்சி வேண்டும், டர்னர் பிரிவும் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கம்பெனி மெஷின்களை வரைபடக் கூடத்தில் வைக்கலாம். டர்னர் பிரிவில் சி.என்.சி. பாடத்தைக் கூட்டி, பெண்களைச் சேர்த்து, இரண்டாம் வருடம் பூவாத்தாளின் சங்கப் பட்டறைகளில் நேரடிப் பயிற்சி.

அபர்ணாவுக்கு மனமில்லை. "கூடம் சின்னது மேடம். நாங்க கேட்ட எண்ணிக்கையில பாதிப் பேருக்குத்தான் பயிற்சி தர முடியும்."

"அந்தப் பாதிப் பேரை நல்லபடியா எடுத்துக்குங்க. மீதிப் பேரு லேத்துப் படிப்புக்கு வரட்டும்."

கலெக்டர் என்னைப் பார்த்தார். "கைமேல இருக்கற வேலையைப் பாதியா வெட்டறீங்க மேடம். டர்னர்ல இந்த வருஷமும் இடம் நிரம்பலைன்னா?"

நான் எத்தனை பெண்களின் கைக்கு எட்டிய சம்பளத்தோடு விளையாடுகிறேன் என்று தெரிந்துதான் இருந்தது.

"ஒரு இடம் காலியா இருந்தாலும் பட்டறையோட சாவியை நானே கம்பெனிக்குக் குடுத்துடறேன் சார்."

"இந்த ஒரு வருஷம்தான்" என்றார் கலெக்டர்.

வெளியே வந்ததும் பூவாத்தாள், "சாவியெல்லாம் எதுக்குப் புள்ள பேசினே? நெஞ்சடைச்சுப் போச்சு எனக்கு" என்றாள். எனக்கும்தான்.

ஜூன் 27, வியாழன்

பூவாத்தாளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போகிறோம். பள்ளிக்கூடங்கள், ரேஷன் கடை, மகளிர் குழுக் கூட்டங்கள். "பொண்ணுக்கு லேத்தா?" என்று ஒருவர் கேட்டால், "நான் என்ன ஆம்பளையா?" என்கிறாள் இவள். முட்டி வலிக்கு நடுவிலும் வண்டியை நிறுத்துவதில்லை. இன்று மழையில் நனைந்து ஒரு டீக்கடையில் ஒதுங்கி வடை தின்றோம். பயிற்சி நாட்களில் இருந்ததைவிட இப்போது அதிகம் சிரிக்கிறோம்.

பாதிப் பேர் விசாரித்துவிட்டு வீட்டில் கேட்கிறோம் என்கிறார்கள்.

ஜூலை 16, செவ்வாய்

டர்னர் பிரிவில் பெண்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். பையன்களும் வழக்கத்தைவிட அதிகம். ஆனாலும் காலி இடம் இருக்கிறது. கம்பெனிப் பயிற்சிக்கு வரிசை வாசல் வரை நிற்கிறது. அபர்ணா வெற்றிப் பெருமிதம் எதுவும் காட்டவில்லை. "உங்களுக்கும் நிரம்பிடும் மேடம்" என்றாள்.

ஜூலை 26, வெள்ளி

டர்னரில் இன்னும் ஒரே ஒரு இடம்தான் காலி.

ஜூலை 31, புதன்

சேர்க்கைக்கு இன்று கடைசி நாள். காலையிலிருந்து ஒருவரும் டர்னர் பக்கம் வரவில்லை. மதியம் கம்பெனிப் பயிற்சியில் சேர ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். சங்கவி என்று பெயர். பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள், நல்ல மார்க். எனக்கு ஆசை விடவில்லை. டர்னரும் இருக்கிறது, இரண்டு வருடம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாமுங் மேடம். அம்மா வேலை பாத்த மில்லை மூடிட்டாங்க. எனக்கு ஆறு மாசத்துல சம்பளம் வரணுமுங்" என்றாள். தெளிவான பெண். மேலே வற்புறுத்தவில்லை. அவள் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பெண் வெளியே போய்விட்டாள். அம்மா மட்டும் கதவோரம் நின்றார். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாச்சும் கேக்கணுமாம்மா?"

"அந்த லேத்துப் படிப்புக்கு வயசு வரம்பு ஏதாச்சும் இருக்குங்களா மேடம்?"

"பொண்ணுங்களுக்கு மேல்வரம்பு கெடையாது. யாருக்குங்க?"

"நா பத்தாவது பாஸுங். பதினேழு வயசுல இருந்து நூல் நூக்கற ரிங் பிரேம் ஓட்டியிருக்கறேன். மெஷினுன்னா பயமில்லீங்" என்றார். பிறகு அவசரமாக, "கேட்டது தப்புங்களா?" என்றார்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"படிச்சு முடிச்சா வேலை கெடைக்குமுங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாதி உண்மை சொல்ல முடியவில்லை.

"இன்னைக்கு நிலவரத்துல கெடைக்கும். நாலு பட்டறைக்காரங்க பொண்ணுங்களை எடுத்துக்கறோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நிலவரம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா தொழில் கையில இருக்கும். அதை யாரும் மூட முடியாது."

முறுக்கிய முந்தானையை அவர் விட்டுவிட்டார். "இது போதுமுங். மில்லுல இதைக்கூட யாரும் சொல்லல."

பெயர் கேட்டேன். "சங்கவியோட அம்மாவுங்க" என்றார். "உங்க பேரு" என்றேன். "ருக்குமணிங்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்வது போல இருந்தது. டர்னரில் காலியாக இருந்த கடைசி இடத்தில் அதை எழுதினேன்.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் கண் விரிந்தது. "நீயா? இங்கயா? எங்கூடவா?" என்றாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய், எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னாள்: "ஒரே பஸ்ஸுலதான் வரணும். நீ முன்னாடி ஏறு, நா பின்னாடி ஏறிக்கறேன். கேன்டீன்ல என்னையப் பாத்து கண்ணுன்னு கூப்புடக்கூடாது."

"சரிங் சாமி" என்றார் ருக்குமணி.

அலுவலகமே சிரித்தது. சங்கவியும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பூவாத்தாளுக்கு உடனே போன் போட்டேன். அந்தப் பக்கம் அவள் தண்டபாணியின் காதில், "ரொம்பீருச்சுங்க! ரொம்பீருச்சு!" என்று கத்தியதில் எனக்கே காது வலித்தது.

இன்று என் கடைசி வேலை நாள். எழுத மறந்தே போய்விட்டேன். சாயங்காலம் சால்வை போட்டார்கள்.